கார் டயருக்கு நைட்ரஜன்: கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது?

புது டயர் மாற்றும்போது கூடுதலாகச் சிறு தொகை கொடுத்து நைட்ரஜன் நிரப்பிக்கொண்டால் கோடையில் டயர் வெடிக்காது, மைலேஜ் கூடும், மாதக்கணக்கில் காற்றுப் பார்க்க வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொல்வது உண்மையா, ஒருமுறை நைட்ரஜன் நிரப்பிவிட்டால் அதன்பின் சாதாரணக் காற்றைக் கலக்கவே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நைட்ரஜனால் ஒரு நன்மை உண்டு. அது அளந்து பார்த்து உறுதிசெய்யப்பட்டது, ஆனால் சிறியது: டயரின் அழுத்தம் சற்று மெதுவாகக் குறையும். கடையில் சொல்லப்படும் மற்றவற்றுள் சில இந்த ஒன்றிலிருந்து பெருக்கிச் சொல்லப்படுபவை. சில விமான டயருக்குப் பொருந்துவதைக் கார் டயருக்கு ஏற்றிச் சொல்பவை. "காற்றைக் கலக்கவே கூடாது" என்பதோ முற்றிலும் தவறு என்பதோடு ஆபத்தானதும்கூட. ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொல்கிறேன்.

பெட்ரோல் பங்கில் இலவசமாகப் பிடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். 21 சதவீதம் ஆக்ஸிஜன், மீதியில் பெரும்பகுதி ஆர்கான், அதனுடன் இடத்தையும் பருவத்தையும் பொறுத்து நீராவி. நைட்ரஜன் நிரப்புவது என்றால் 78-ஐ 95-க்கு அருகே உயர்த்துவது என்றுதான் பொருள். கடையில் இருக்கும் இயந்திரம் வெளிக்காற்றை உள்ளிழுத்து, ஆக்ஸிஜனைச் சவ்வு வழியாகவோ கரித்துகள் நிரப்பிய கலத்திலோ பிரித்து நீக்கிவிட்டு, மிஞ்சிய வாயுவைத் தருகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனிக்க வேண்டும். காற்று முழுவதும் இறக்கிவிட்ட டயரும் உண்மையில் காலியானதல்ல. அழுத்தத்தை அளக்கும் கேஜ் பூஜ்ஜியம் காட்டும்போதும் அதற்குள் வளிமண்டல அழுத்தமான 14.7 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அளவுக்குக் காற்று நிற்கிறது. அதன்மேல் 33 பி.எஸ்.ஐ. தூய நைட்ரஜனை ஏற்றினால் மொத்தம் 47.7, அதில் பழைய காற்றின் ஆக்ஸிஜன் 3.1, அதாவது ஆறரை சதவீதம். இயந்திரம் தருவது தூய நைட்ரஜனாக இல்லாமல் 95 சதவீதமாக இருந்தால், ஒருமுறை நிரப்பியதும் டயருக்குள் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 10 சதவீதம் இருக்கும்; இன்னொரு முறை முழுக்க இறக்கி ஏற்றினால்தான் அது ஆறரைக்கு வரும். ஆனால் பல இடங்களில் நடப்பது வேறு: 25 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரில் பழைய காற்றை இறக்காமலேயே நைட்ரஜன் குழாயைச் செருகி 33-க்கு ஏற்றிவிட்டு, வால்வில் நைட்ரஜனுக்கு அடையாளமான பச்சை மூடியைத் திருகிவிடுகிறார்கள். அந்த டயருக்குள் அப்போதும் ஆக்ஸிஜன் பதினேழரை சதவீதம் இருக்கிறது. வாங்கியவர் கொடுத்த காசுக்கு மாறியது மூடியின் நிறம் மட்டுமே. ஆகவே நைட்ரஜன் நிரப்புவதாக முடிவுசெய்தால், வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்கிவிட்டு, குறைந்தது இருமுறை நிரப்பச் சொல்லுங்கள். இறக்கும்போது வண்டியை ஜாக்கில் ஏற்றி வைத்திருக்க வேண்டும். அதற்கு மறுக்கும் கடையில் காசு கொடுக்க வேண்டாம்.

இனி அந்த மெய்யான நன்மைக்கு வருவோம். ரப்பர் நம் கண்ணுக்கு இறுக்கமானதாகத் தெரிந்தாலும் வாயு மூலக்கூறுகள் அதன் ஊடாக மெல்லக் கசிந்துகொண்டே இருக்கின்றன. அதைக் குறைக்கத்தான் டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் பியூட்டைல் வகை ரப்பரால் ஒரு படலம் ஒட்டப்படுகிறது. இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு குறைவாகக் கசியவிடுவது அதன் சிறப்பு. ஆனாலும் அந்தப் படலத்தின் வழியே ஆக்ஸிஜன் நைட்ரஜனைவிட மூன்று முதல் நான்கு மடங்கு வேகமாக வெளியேறுகிறது. நைட்ரஜன் மூலக்கூறு பெரியது என்று கடைகளில் சொல்வது இதைத்தான், உண்மையில் அளவு வேறுபாடு மிகச் சிறிதே (3.64-க்கு 3.46 ஆங்ஸ்ட்ராம்), ஆனால் ரப்பருக்குள் நுழைந்து கடக்கும் வேகத்தில் அந்தச் சிறு வேறுபாடு பெருகித் தெரிகிறது.

பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. ஒவ்வொரு வாயுவும் டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தைப் பார்த்து நகர்வதில்லை. தன் சொந்தப் பங்கின் அழுத்தம் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்பதைப் பொறுத்தே நகர்கிறது. 33 பி.எஸ்.ஐ. சாதாரணக் காற்று நிரப்பிய டயருக்குள் ஆக்ஸிஜனின் பங்கு 10, வெளியே 3.1, வேறுபாடு கிட்டத்தட்ட 7. நைட்ரஜனுக்கு உள்ளே 37, வெளியே 11.5, வேறுபாடு ஏறக்குறைய 26. ஆக்ஸிஜன் மூன்றரை மடங்கு வேகத்தில் கசியும் என்று வைத்துக்கொண்டால், அந்த 7-க்கு 24 பங்கு, நைட்ரஜனுக்கு 26 பங்கு, ஆக மொத்தம் 50 பங்கு கசிவு. ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் ஆக்ஸிஜன் கசிவில் பாதிக்குக் காரணமாகிறது. தூய நைட்ரஜன் நிரப்பிய டயரில், முன் சொன்ன கணக்குப்படி, ஆக்ஸிஜனின் பங்கு உள்ளேயும் 3.1, வெளியேயும் 3.1, ஆகவே அது எங்கும் நகர்வதில்லை. நைட்ரஜன் மட்டும் 33 பங்கு கசிகிறது. அதாவது சாதாரணக் காற்று நிரப்பிய டயரில் ஏற்படும் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு.

சோதனைகளும் இதையே காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் நுகர்வோர் இதழான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் 31 வகை டயர்களை 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிரப்பி, 2006 செப்டம்பர் முதல் 2007 செப்டம்பர் வரை ஓராண்டு திறந்தவெளியில் வைத்து அளந்தது. காற்று நிரப்பியவை சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இழந்தன, நைட்ரஜன் நிரப்பியவை 2.2 இழந்தன. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வக அறிக்கையிலும் நைட்ரஜன் டயரின் இழப்பு காற்று டயரின் இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்றே வந்தது. ஆக, ஓராண்டு முழுவதும் காற்றையே பார்க்காமல் விட்டால் கிடைக்கும் வேறுபாடு 1.3 பி.எஸ்.ஐ. நைட்ரஜன் நிரப்பிய டயரும் அதே ஓராண்டில் 2.2 குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் ஓடாமல் நின்ற டயரில். ஓடும் வண்டியில் வால்வு தளர்வு, ரிம் விளிம்பில் துரு அல்லது பள்ளத்தில் அடிபட்ட நெளிவு, ஆணி ஆகியவற்றால் ஏற்படும் கசிவு கூடுதலாகச் சேரும். அந்த வழிகளில் நைட்ரஜனும் காற்றும் ஒன்றுபோலவே வெளியேறும். எனவே மாதக்கணக்கில் பார்க்க வேண்டாம் என்ற உறுதிமொழிக்கு ஆதாரம் இல்லை.

மைலேஜ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நைட்ரஜன் நேரடியாக டயர் உருளும் விதத்தை மாற்றுவதில்லை. அந்த 2009 அறிக்கையும் அத்தகைய நேரடிப் பயன் எதையும் காணவில்லை. அழுத்தம் நிலையாக இருந்தால் எரிபொருள் மிச்சமாகும் என்பது மட்டும் உண்மை. நான்கு டயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் அளவு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு 800 லிட்டர் செலவாகும். ஆண்டு முழுவதும் காற்றே பார்க்காதவருக்குக்கூட நைட்ரஜனால் மிஞ்சுவது ஒரு லிட்டர் அளவுதான். மாதம் ஒருமுறை பார்ப்பவருக்கு அதுவும் இல்லை.

வெப்பத்தைப் பற்றிய நம்பிக்கைதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. நைட்ரஜன் சூட்டில் விரிவதில்லை, ஆகவே வெடிக்காது என்று நம்மூரில் உறுதியாகச் சொல்கிறார்கள். உலர்ந்த எந்த வாயுவும் டயரின் அழுத்தத்திலும் சூட்டிலும் ஒரே விதிப்படிதான் நடந்துகொள்ளும். காலையில் 28 டிகிரி செல்சியஸில் 33 பி.எஸ்.ஐ. இருந்த டயர், மே மாத நண்பகலில் நெடுஞ்சாலையில் ஓடி உள்வாயு 60 டிகிரியை எட்டினால், அழுத்தம் 38 பி.எஸ்.ஐ. ஆகும். உள்ளே நைட்ரஜன் இருந்தாலும் 38, காற்று இருந்தாலும் 38. இந்த உயர்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் டயரை வடிவமைக்கிறார்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையின் அழுத்தம் குளிர்ந்த டயருக்கானது என்று சொல்வதும் அதனால்தான்.

காற்றில் ஈரம் இருப்பதால் வேறுபாடு வரும் என்பதில் ஒரு துளி உண்மை உண்டு, அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். நீராவி வாயுவாகவே இருக்கும்வரை அதுவும் மற்ற வாயுக்களைப் போலத்தான். ஆனால் கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீர் குழாய் வழியே டயருக்குள் துளித்துளியாகப் போயிருந்தால், டயர் சூடாகும்போது அது ஆவியாகிக் கூடுதல் அழுத்தத்தைத் தரும்: 30 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 0.6 பி.எஸ்.ஐ., 60 டிகிரியில் 2.9. எனவே முன் சொன்ன 38 என்பது 40-ஐ ஒட்டி வரலாம். அரை பி.எஸ்.ஐ.க்கும் கணக்குப் பார்க்கும் பந்தய அணிகள் உலர்ந்த நைட்ரஜனைத் தேடுவதற்குக் காரணம் இது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் கம்ப்ரஸர் தொட்டியின் வடிகால் திருகைத் தினமும் திறந்து தண்ணீரை இறக்கிவிடும் கடையில் காற்றுப் பிடித்தாலே இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். காற்றுக் குழாயை ஒரு விநாடி வெறுமனே உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். ஈரம் தெறித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

டயர் ஏன் வெடிக்கிறது? பெரும்பாலும் கூடுதல் காற்றினால் அல்ல, குறைந்த காற்றினால். அழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரிகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நடுத்தரக் காரின் டயர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 முறை சுற்றுகிறது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் வளைவிடம் சூடேறி ஒடிவதைப் போல, அத்தனை நசுங்கலும் ரப்பருக்குள் சூடாக மாறி, அடுக்குகளைப் பிணைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்துகிறது. அதனுடன் அளவுக்கு மீறிய சுமை, ஆறேழு ஆண்டு பழைய டயர், கொதிக்கும் கான்கிரீட் சாலை, தொடர்ச்சியான வேகம் ஆகியவை சேர்ந்தால் டயர் கிழிகிறது. ஆனால் கத்திரி வெயில் தொடங்கியதும் வெடித்துவிடும் என்ற பயத்தில் அட்டவணை அளவைவிட நான்கைந்து பி.எஸ்.ஐ. குறைத்துப் பிடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. இது வெடிப்புக்கு வழிசெய்துகொடுக்கும் வழக்கம். கோடையில் குறைக்கவே கூடாது. குடும்பத்தோடும் சாமான்களோடும் போகும்போது அட்டவணையில் முழுச் சுமைக்குக் கொடுத்திருக்கும் கூடுதல் அளவுக்கு ஏற்றத்தான் வேண்டும்.

2019 ஜூலையில் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி மாநிலங்களவையில், டயர் ரப்பரில் சிலிகான் கலப்பதையும் சாதாரணக் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் நிரப்புவதையும் கட்டாயமாக்க அரசு எண்ணுவதாகத் தெரிவித்தார். விரைவுச்சாலை விபத்துகளைப் பற்றிய கவலையில் எழுந்த பேச்சு அது. அப்படியொரு கட்டாயம் பின்னர் நடைமுறைக்கு வரவில்லை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தேய்ந்த டயரையும் பழைய டயரையும் சாலையிலிருந்து அகற்றுவதற்கும், சுமை வரம்பை உறுதியாகச் செயல்படுத்துவதற்கும், சுங்கச்சாவடிகளில் நம்பகமான கேஜுடன் காற்று வசதி வைப்பதற்கும் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் நைட்ரஜனுக்குச் செலவிடும் ரூபாயைவிட அதிக உயிர்களைக் காக்கும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் விமானங்களில் ஏன் நைட்ரஜன் கட்டாயம்? அங்கே காரணம் வேறு. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ நகரிலிருந்து புறப்பட்ட மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானம் வானில் தீப்பற்றி மலையில் விழுந்தது. அதில் இருந்த 167 பேரும் இறந்தனர். பிரேக் சரியாக விடுபடாமல் சக்கரம் கடுமையாகச் சூடேறியிருந்தது. டயரில் நைட்ரஜனுக்குப் பதில் காற்று நிரப்பப்பட்டிருந்தது. அத்தகைய சூட்டில் டயரின் உட்புற ரப்பரிலிருந்து எரியக்கூடிய ஆவிகள் பிரிந்து, உள்ளே இருக்கும் அழுத்தமான ஆக்ஸிஜனோடு சேர்ந்து வேதிவெடிப்பாக மாற முடியும். வெடித்த டயர் எரிபொருள் குழாய்களையும் ஹைட்ராலிக் குழாய்களையும் கிழித்தது. அதன்பின் 1987-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பெரிய பயணிகள் விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்ஸிஜன் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான டிகிரிக்குப் போகும் பிரேக், 200 பி.எஸ்.ஐ.யை ஒட்டிய அழுத்தம், உறைபனிக்கும் கீழே போகும் உயரக் குளிர் ஆகியவற்றுக்கான விதி அது. சுரங்கங்களில் ஓடும் ராட்சத டிப்பர்களின் டயர்களுக்கும் இதே தீ ஆபத்து இருப்பதால் அங்கும் நைட்ரஜனுக்கு நியாயம் உண்டு. கார் டயர் அந்த நிலைக்குப் போவதில்லை.

லாரி, பேருந்து விஷயம் இரண்டுக்கும் இடைப்பட்டது. 120 பி.எஸ்.ஐ. நிரப்பிய லாரி டயரில் ஆக்ஸிஜனின் பங்கு மட்டும் 28 பி.எஸ்.ஐ.; கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த ஆக்ஸிஜன் உட்புறத்திலிருந்து ரப்பரை ஊடுருவி அதை மெல்லக் கடினமாக்குகிறது. கார் டயரை ஒரு வாழ்நாள் ஓட்டிவிட்டுத் தூக்கி எறிகிறோம். பெரும்பாலும் உட்புற முதுமை தலைகாட்டும் முன்பே டிரெட் (சாலையைத் தொடும் வெளிப்பகுதி) தேய்ந்துவிடுகிறது. லாரிக்காரர்களோ டயரின் கூட்டை (டிரெட்டுக்கு அடியில் உள்ள உடலை) வைத்துக்கொண்டு ஒருமுறையோ இருமுறையோ ரீட்ரெட் செய்கிறார்கள், அதாவது அதன்மேல் புது டிரெட் ஏற்றுகிறார்கள். அவர்களுக்குக் கூட்டின் ஆயுள்தான் மூலதனம். பத்துப் பதினைந்து வண்டிகளுக்கு மேல் வைத்து, பணிமனையிலேயே இயந்திரம் நிறுவி, முறையாக இறக்கி நிரப்பும் உரிமையாளருக்கு நைட்ரஜன் கணக்கில் நிற்க வாய்ப்புண்டு. வழியில் ஏதோ ஒரு பங்கில் ஒரு டயருக்கு மட்டும் அரைகுறையாக நிரப்பிக்கொள்வதில் அவருக்கும் பயனில்லை.

எடை குறையும் என்பதும் சொல்லப்படுகிறது. ஒரு கார் டயரில் இருக்கும் வாயுவின் மொத்த எடையே 130 கிராம் அளவுதான். நைட்ரஜன் நிரப்பினால் குறைவது நான்கைந்து கிராம்.

கலப்பதைப் பற்றி: தயங்காமல் கலக்கலாம். காற்றே பெரும்பாலும் நைட்ரஜன் என்பதால் எந்த வேதிவினையும் நடக்காது, டயருக்கோ அதன் அழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்ஸருக்கோ எந்தத் தீங்கும் வராது. நைட்ரஜன் நிரப்பிய டயர் 27-க்கு இறங்கிவிட்டது, அருகில் நைட்ரஜன் கடை இல்லை என்றால், பங்கின் காற்றைப் பிடித்து 33-க்கு ஏற்றிவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள். குறையப்போவது தூய்மை மட்டும். காற்றைக் கலந்தால் டயர் கெட்டுவிடும் என்று நம்பி, குறைந்த அழுத்தத்தோடு உளுந்தூர்பேட்டையிலிருந்து திருச்சி வரை ஓட்டிப் போகிறவர் மிகச் சிறிய ஒரு நன்மையைக் காப்பதற்காக மிகப் பெரிய ஓர் ஆபத்தை ஏற்கிறார். நைட்ரஜன் வணிகம் செய்யும் உண்மையான தீங்கு இந்த அச்சத்தை விதைப்பதுதான் என்று நினைக்கிறேன். சாதாரணக் காற்றையே தொடர்ந்து பிடித்துவரும் டயரிலும் ஆக்ஸிஜன் முந்திக் கசிவதால், ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் உள்ளே நைட்ரஜனின் பங்கு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் காருக்கு நான் சொல்வது இது. டயர் விலையோடு சேர்த்துக் கூடுதல் கட்டணமின்றி நிரப்பித் தருகிறார்கள் என்றால், இருமுறை இறக்கி நிரப்பச் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். தனியாகக் காசு கேட்டால் அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு நல்ல கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறையும் நீண்ட பயணத்துக்கு முன்பும், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்ற பிறகு நீங்களே அளந்து பாருங்கள். பங்கில் இருக்கும் கேஜ்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வேறுபடுவது வழக்கம், அந்தப் பிழையே நைட்ரஜன் ஓராண்டில் தரும் நன்மையைவிடப் பெரிது. காரில் அழுத்த எச்சரிக்கை விளக்கு இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டிய எல்லையே பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்த நிலைதான். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள், டிரெட் மிச்சம் இருந்தாலும் அத்தகைய டயரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகும் முன் பக்கச்சுவரில் விரிசல்கள் இருக்கின்றனவா என்று தேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நைட்ரஜன் பொருத்தமாக அமையும் ஓர் இடம் உண்டு: ஸ்டெப்னி. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் டிக்கியில் கிடந்து, தேவைப்படும் நாளில் காற்றில்லாமல் கைவிடுவது அதன் வழக்கம். மெதுவாகக் கசிவது என்ற ஒரே நன்மை அங்கேதான் உண்மையிலேயே உதவுகிறது. அதையும் பரிந்துரைத்த அளவைவிட மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாக நிரப்பி வைத்து, மாட்டும்போது கேஜ் வைத்துச் சரியான அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.